சாக மறந்த கலங்கள்

"புள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி காணாதுகா. அதுதான் இப்படி அடிக்கடி படுத்துக் கிடக்கான்."

என் தங்கச்சியின் மகனைப் பார்க்க வந்தவர்களில் இதைச் சொல்லாமல் எழும்பிப் போனவர்கள் குறைவு. அன்பாகத்தான் சொன்னார்கள். யாரும் வெறுங்கையோடு வரவும் இல்லை. முருங்கையிலை வந்தது, நாட்டுக்கோழி முட்டை வந்தது, பாமசியில் விலைகொடுத்து வாங்கிய விற்றமின் பாணி வந்தது. கொரோனாக் காலத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் எந்த வருத்தத்துக்கும் இந்த ஒரு விளக்கம்தான்: சக்தி குறைந்துவிட்டது, கூட்ட வேண்டும். களுதாவளையில் தோட்டத்துக்குப் போகிறவரும் அதைத்தான் சொல்கிறார், என்னிடம் உயர்தரத்தில் உயிரியல் படித்துவிட்டுப் போன பிள்ளைகளும் அதைத்தான் சொல்கிறார்கள். இரண்டாவது கூட்டம் சொல்லும்போதுதான் எனக்கு மனம் கிடந்து அரிக்கிறது.

ஏனென்றால் மருமகனுக்கு வந்தது அதற்கு நேர்மாறான வருத்தம். அவனுடைய வெண்குழியங்கள் குறையவில்லை. வேலை முடிந்த பிறகு சாக வேண்டியவை சாகாமல் உடம்பிலேயே தங்கிவிட்டன. ஒரு பரம்பரை அலகில் ஏற்பட்ட சிறு மாற்றம்தான் காரணம். இதை எங்கள் வீட்டுக்குள் விளங்கப்படுத்தவே எனக்குப் பெரும்பாடாய்ப் போனது. அந்தப் பாடுதான் இந்தக் கட்டுரையை எழுதவைக்கிறது.

நெறி

முதலில் கழுத்தில் நெறி கட்டியது. அவனுக்கு அப்போது நாலு வயது. குளிக்கவார்த்துத் தலை துவட்டும்போது தங்கச்சியின் கையில் தட்டுப்பட்டது. பிள்ளைகளுக்குத் தொண்டை நோவு வந்தால் நெறி கட்டுவது புதினமில்லை, இரண்டு கிழமையில் வற்றிவிடும். இது வற்றவில்லை. பாணி மருந்து முடிந்தும் கிடந்தது. அக்குளிலும் வந்தது. தொட்டால் நோவில்லை, காய்ச்சலும் இல்லை. பிள்ளை ஓடியாடிக்கொண்டு திரிந்தான்.

அந்த மாரியில் ஒருநாள் மூக்கால் இரத்தம் வந்தது. காலெல்லாம் நீலப் புள்ளி. இரத்தம் உறைய உதவும் குருதிச் சிறுதட்டுகள் ஒன்றரை இலட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் சில ஆயிரங்களுக்கு இறங்கியிருந்தன. மட்டக்களப்பில் மாரி காலத்தில் சிறுதட்டு இறங்கினால் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது டெங்கு. வளவுக்குள் நின்ற பப்பாசி மரத்தில் இலை மிஞ்சவில்லை. அவ்வளவையும் சாறு பிழிந்து பருக்கினார்கள். ஆனால் டெங்கில் இறங்கும் சிறுதட்டு சில நாட்களில் தானாக ஏறும். இவனுக்கு ஏறவே இல்லை. விடுதியில் ஒரு வைத்தியர் அவனுடைய இடது விலா எலும்புக்குக் கீழே விரலை வைத்து மெதுவாக அழுத்திப் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் இருந்த பேனையை எடுத்து, விரலில் தட்டுப்பட்ட விளிம்பை வயிற்றில் ஒரு கோடாகக் கீறினார். மண்ணீரல் அது. விலாவுக்குள் மறைந்திருக்க வேண்டிய உறுப்பு, கிட்டத்தட்ட தொப்புள் வரைக்கும் வந்து நின்றது. அந்த நீலக் கோடு அழிந்துபோகக் கூடாது என்று தங்கச்சி அந்த இடத்தில் சவர்க்காரம் போடாமலே கொஞ்சநாள் அவனைக் கழுவினாள்.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காசநோய்ப் பரிசோதனை, என்பு மச்சைப் பரிசோதனை, கழுத்தில் இருந்து ஒரு நெறியை வெட்டி எடுத்துப் பார்த்தது. இதற்குள் ஊரில் யாரோ "மகரகம" என்ற பெயரைச் சொல்லிவிட்டார்கள். இங்கே அந்த ஊர்ப்பெயரைச் சொன்னாலே புற்றுநோய் என்றுதான் பொருள். வீட்டில் அன்று அடுப்பு மூட்டவில்லை. புற்று இல்லை என்று அறிக்கை வந்ததும் பிள்ளையாருக்குப் பொங்கினோம். ஆனால் இல்லாத நோய்களின் பட்டியல்தான் நீண்டுகொண்டு போனதே தவிர, இருக்கிற நோய்க்கு ஒரு பெயர் கிடைக்கவில்லை. காணாத சக்தியைக் கூட்டும் பொருட்கள் மட்டும் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன.

பெயரை நோக்கித் திருப்பியது ஒரு விற்றமின். பி12 அளவு ஒரு மில்லிலீற்றருக்கு 1500 பிக்கோகிராமையும் தாண்டி இருந்தது. வீட்டில் இதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டார்கள், பிள்ளைக்குச் சத்து நிறைய இருக்கிறதாம் என்று. குருதி வைத்தியர் மட்டும் அந்தத் துண்டை மேசையில் வைத்துக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வைத்தியர்கள் பி12 குறைவைத் தேடுவதுதான் வழமை. இவ்வளவு கூடியிருந்தால், அதைக் குருதியில் பிடித்து வைத்திருக்கும் புரதத்தை ஏதோ ஒன்று அளவுக்கு மீறிச் செய்கிறதோ என்று பார்க்க வேண்டும். இந்த வருத்தத்தில் அப்படிச் செய்பவை, வெண்குழியங்களில் ஒரு வகையான நிணநீர்க்குழியங்கள் தேங்கிப்போனவையே. அவர் கொழும்புக்குக் குருதி அனுப்பி ஒரு குறிப்பிட்ட வகை ரி கலத்தை எண்ணச் சொன்னார்.

வந்தது போக வேண்டும்

ரி கலங்கள் நிணநீர்க்குழியங்களில் ஒரு வகை. அவற்றில் பொதுவாகச் சிடி4 அல்லது சிடி8 என்ற இரண்டு அடையாளங்களில் ஒன்று இருக்கும். இரண்டுமே இல்லாத ஒரு சிறு கூட்டம் எல்லோருடைய குருதியிலும் உண்டு. அந்தக் கூட்டம் மொத்த நிணநீர்க்குழியங்களில் 1.5 சதவீதத்துக்கோ, ரி கலங்களில் 2.5 சதவீதத்துக்கோ எட்டிவிட்டால், அதோடு புற்றோ தொற்றோ இல்லாத நெறிவீக்கம் அல்லது மண்ணீரல் வீக்கம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால், இந்த வருத்தத்தை நினைக்க வேண்டும். ஏ.எல்.பி.எஸ். என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள்: நிணநீர்க்குழியங்கள் பெருகித் தேங்கி, சொந்த உடம்பையே தாக்கும் நிலை. மருமகனுக்கு இரண்டு அளவுகளும் அந்த எல்லைக்கு மேலே இருந்தன.

கலங்கள் சாவதை நாங்கள் வகுப்பில் வேகமாகக் கடந்துவிடுகிறோம். கலப்பிரிவுக்குக் கொடுக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட அதற்குக் கொடுப்பதில்லை. உண்மையில் ஓர் உடம்பைச் செய்து முடிக்கவே கலங்கள் ஒழுங்காகச் சாக வேண்டும். ஒரு மில்லிமீற்றர் நீளமான ஒரு சின்னப் புழுவில் இதை எண்ணியே காட்டியிருக்கிறார்கள்: 1090 உடற்கலங்கள் உண்டாகின்றன, அதில் 131 குறித்த நேரத்தில் செத்துப்போகின்றன, 959 மிஞ்சுகின்றன. சிட்னி பிரென்னர், ரொபேட் ஹொர்விட்ஸ், ஜோன் சல்ஸ்டன் மூவருக்கும் 2002இல் நோபல் பரிசு கிடைத்தது இந்த வேலைக்குத்தான். அந்தச் சாவை நடத்துவது கலத்தின் சொந்தப் பரம்பரை அலகுகள் என்பதும் இந்தப் புழுவில்தான் தெளிவானது.

நோயை எதிர்க்கும் நிர்ப்பீடனத் தொகுதிக்கு இந்தச் சாவு மற்ற உறுப்புகளை விடக் கூடுதலாகத் தேவை. ஒரு வைரசு உள்ளே வந்தால் அதை அடையாளம் காணும் ரி கலம் ஒன்று, பல்லாயிரமாகப் பெருகுகிறது. வைரசு ஒழிந்த பிறகு அந்தப் படையில் 90 சதவீதத்துக்கும் மேல் சாகிறது. ஒரு சிறு பகுதி மட்டும் நினைவுக்காக மிஞ்சுகிறது. மாரியில் மட்டக்களப்பு வாவிக்கு நாலு பக்கத்தாலும் வெள்ளம் வந்து சேருகிறதே, அதை நினைத்துப் பாருங்கள். முகத்துவாரம் மண்ணடித்து மூடிக் கிடந்தால், வந்த தண்ணீர் கடலுக்குப் போக வழியில்லாமல் வயலுக்கும் வளவுக்கும் ஏறும். அந்த நேரத்தில் எங்கள் ஆட்கள் யாரும் இன்னும் தண்ணீர் காணாது என்று சொல்ல மாட்டார்கள். முகத்துவாரத்தை வெட்டத்தான் ஓடுவார்கள்.

கலம் செத்துப்போகும் வழி இரண்டு. ஒன்று உள்ளேயிருந்து தொடங்குவது: வளர்ச்சிச் சமிக்ஞை நின்றுபோனால் கலம் தானே தன்னை முடித்துக்கொள்ளும். மற்றது வெளியேயிருந்து வரும் கட்டளை. திரும்பத் திரும்பத் தூண்டப்பட்ட ரி கலங்களையும், சொந்த உடம்பைக் குறிவைக்கும் பி கலங்களையும் (இவை நிணநீர்க்குழியங்களில் இன்னொரு வகை) அகற்றுவதில் இந்த இரண்டாவது வழிக்குப் பெரிய பங்கு உண்டு. கலத்தின் மேற்பரப்பில் ஃபாஸ் என்றொரு ஏற்பிப் புரதம் இருக்கிறது. வேறொரு கலம் அதற்குரிய இணைப்பியைக் கொண்டுவந்து தொட்டால், ஃபாஸின் உட்பக்கத்து நுனியில் சில புரதங்கள் வந்து கூடும். அங்கே கஸ்பேஸ்-8 என்ற நொதியம் விழித்துக்கொள்ளும். அது மற்றக் கஸ்பேஸ்களை விழிக்கவைக்கும். அவை கலத்தின் உட்புறத்தைத் துண்டுதுண்டாக வெட்டிவிடும். வீக்கமில்லை, சிதறலில்லை, மிச்சத்தை அயலில் உள்ள விழுங்கிக் கலங்கள் தின்றுவிடும்.

மருமகனுக்கு விகாரம், அதாவது அலகில் வந்த மாற்றம், இருந்தது அந்த ஃபாஸில், உட்பக்கத்து நுனியைச் செய்யும் பகுதியில். கட்டளை வருகிறது, கலத்துக்குள் போய்ச் சேரவில்லை. தேங்கியவைதான் கழுத்தில் நெறியாகவும் வயிற்றில் மண்ணீரலாகவும் தெரிந்தன. போயிருக்க வேண்டிய தவறான பி கலங்கள் தங்கி, வழமையாகக் கிருமிகளில் ஒட்டும் பிறபொருளெதிரி என்ற புரதத்தைச் சொந்தச் சிறுதட்டுக்கு எதிராகச் செய்தன. அந்தப் பிறபொருளெதிரி ஒட்டிய சிறுதட்டுகளை மண்ணீரல் பிடித்துத் தின்றது. மூக்கால் வந்த இரத்தத்தின் கதை இவ்வளவுதான்.

ஆனால் அவனுக்கு இருந்த இரண்டு ஃபாஸ் பிரதிகளில் ஒன்றுதான் பழுது. மற்றது நல்லது. பிறகு ஏன் பாதிச் சாவுகூட நடக்கவில்லை? என்னுடைய மாணவர்கள் இதைக் கேட்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன், ஏனென்றால் விடை அவ்வளவு வடிவு. ஃபாஸ் தனியாக வேலை செய்யாது. மூன்று மூலக்கூறுகள் சேர்ந்து ஒன்றாக நிற்கும். மூன்றும் நல்லதாக அமைய வாய்ப்பு அரை, அரை, அரையின் பெருக்கம்: எட்டில் ஒன்று. மிச்ச ஏழிலும் பழுதான ஒன்றாவது நுழைந்திருக்கும், அது மற்ற இரண்டையும் கெடுத்துவிடும். அதனால்தான் இந்த வகை விகாரம் ஒரே ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே போதுமாக இருக்கிறது.

இந்தப் பிள்ளைகளை 1967இலேயே கனாலி, ஸ்மித் என்ற இரண்டு வைத்தியர்கள் விவரித்திருந்தார்கள். நிணநீர்ப் புற்றுப் போலத் தெரிகிறது, ஆனால் புற்று இல்லை என்பதுதான் அவர்களுக்கு அன்று தெரிந்தது. காரணம் பிடிபட்டது எலியில். நெறி வீங்கிச் சொந்த உடம்பைத் தாக்கும் ஓர் எலி இனத்தை ஆய்வுகூடங்களில் வளர்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் பழுதாக இருப்பது ஃபாஸ்தான் என்று ஜப்பானில் நகாட்டாவின் குழு 1992இல் காட்டியது. 1995இல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே பிள்ளைகளிடமும் அதே பழுதைக் கண்டுபிடித்தன. எங்கள் ஊரில் அந்த ஆண்டுகளில் நெறி வீங்கிய பிள்ளைக்கு நூல் கட்டுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்பது இனித் தெரியும்.

ஆருடைய குடி

எங்கள் மாவட்டத்து ஆட்களுக்குக் குடி என்ற தாய்வழிக் குலம் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பிள்ளை தாயின் குடி. கோயிலில் உரிமையும் அந்த வழிதான், ஆரை முடிக்கலாம் ஆரை முடிக்கக் கூடாது என்பதும் அந்த வழிதான். ஆகவே பிள்ளைக்கு ஒரு வருத்தம், அதுவும் பரம்பரை வருத்தம் என்று வைத்தியர் சொல்லிவிட்டால், எல்லோருடைய கண்ணும் தாய் பக்கம்தான் திரும்பும். தங்கச்சியின் மாமியார் கெட்ட மனுசி இல்லை. பேரனுக்காக இரவிரவாக ஆஸ்பத்திரி வாங்கில் கிடந்தவர். ஆனாலும் சொல்லிவிட்டார்.

"உங்கட தாய்வழியில ஆருக்கோ கிடந்திருக்கும் தம்பி. இல்லாட்டிப் புள்ளைக்கு எங்கால வாற?"

என் தங்கச்சி எதுவும் பேசவில்லை. அந்த மாதங்கள் முழுக்க அவள் அப்படித்தான் இருந்தாள். தான் எதைத் தின்றதால், எந்தக் கோயிலுக்கு நேர்ந்ததை மறந்ததால் பிள்ளைக்கு இப்படி என்று தனக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தாள். சிலர் சொந்தத்துக்குள் கட்டினீர்களோ என்றும் கேட்டார்கள். இல்லை. அவள் களுதாவளை, மச்சான் கல்லாறு, இரண்டு பக்கத்துக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

பெற்றோர் இருவரின் குருதியையும் சோதித்த முடிவு வந்த அன்று பின்னேரம், எல்லோரும் கல்லாற்று வீட்டு விறாந்தையில் இருந்தோம். கடிதம் என்னிடம் இருந்தது. தாயிடம் அந்த விகாரம் இல்லை. தகப்பனிடம் இருக்கிறது. எனக்கு அதை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. மச்சானின் முகத்தைப் பார்க்காமல், மாமியைப் பார்த்துச் சொன்னேன். ஃபாஸ் அலகு இருக்கும் பத்தாவது நிறமூர்த்தம் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று தொடங்கினேன். இந்த வருத்தத்தில் நெறியும் மண்ணீரலும் சின்ன வயதில்தான் பெரிதாகத் தெரியும், வளர வளர வற்றிப் போகிறவர்களும் உண்டு என்று சொல்லிக்கொண்டு போனேன். மாமி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தார். பூசின கை அப்படியே நின்றது.

"இவனுக்கும் சின்னதில இப்படித்தான் கிடந்தது," என்றார்.

மச்சான் திரும்பிப் பார்த்தார். அவருக்கே அது நினைவில்லை.

"கழுத்தச் சுத்தி, ரெண்டு பக்கமும். வயிறும் உப்பித்தான் கிடந்த. எத்தின பேரிட்டப் பார்வ பார்த்த, நூல் கட்டின. மறுகா பள்ளிக்குப் போகக்குள்ள தன்பாட்டில வத்திப் போயிட்டு." கொஞ்சநேரம் கழித்து, சத்தம் இறங்கிய குரலில் கேட்டார்: "அப்ப என்ட புள்ளையாலயா இவனுக்கு?"

அந்த இடத்தில் எனக்கு ஒரு வெற்றிபோலத் தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை. தங்கச்சி மேல் கிடந்த பாரம் அவள் கண் முன்னாலேயே இன்னொரு தாயின் தலைக்கு மாறுவதைத்தான் பார்த்தேன். "மச்சான்ட பிழையும் இல்ல மாமி, உங்கட பிழையும் இல்ல" என்றேன். நம்பினாரா தெரியாது. தங்கச்சிதான் எழும்பிப் போய் மாமியின் பக்கத்தில் இருந்து, பாதி பூசிக் கிடந்த வெற்றிலையை வாங்கி, மிச்சத்தைப் பூசி மடித்துக் கொடுத்தாள். அவள் அன்று அழாமல் பேசியதைக் கனநாளுக்குப் பிறகு கேட்டேன்.

ஒரே விகாரம் தகப்பனைத் தொட்டுவிட்டுப் போனதும் மகனை ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுவந்ததும் எப்படி? இந்தக் குடும்பங்களில் இது அடிக்கடி காணப்படுவதுதான். விகாரத்தைச் சுமக்கும் எல்லோருக்கும் வருத்தம் வராது. சிலரில் மற்ற நல்ல பிரதியும் பிறந்த பிறகு சில கலங்களில் பழுதாகிப்போவது வருத்தத்தைக் கிளப்பிவிடுகிறது. சிலரில் பரம்பரையில் எதுவுமே இல்லாமல், பிறந்த பிறகு குருதிக் கலங்களில் மட்டும் இந்த விகாரம் உண்டாகிறது. குடிக் கணக்கில் இதற்கெல்லாம் இடமில்லை. குடி மாதிரியே தாய்வழியாக மட்டும் இறங்குவது இழைமணியில் உள்ள பரம்பரைப் பொருள் ஒன்றுதான். மற்றதெல்லாம் பெரும்பாலும் இரண்டு பக்கத்தாலும் வருகிறது.

சொந்தத்துக்குள் கட்டுவது பற்றிக் கேட்டவர்களையும் நான் முழுதாகத் தள்ளிவிட மாட்டேன். கலச்சாவு பிழைப்பதால் வரும் வேறு வருத்தங்களில் அந்தக் கேள்விக்கு இடம் உண்டு. ஹாக்ஸ்1 என்ற அலகின் இரண்டு பிரதியும் பழுதானால், பற்றீரியாவைத் தின்னும் நடுநாட்டக்குழியங்கள் காலத்துக்கு முன்னமே செத்துப்போகும். பிறந்த சில கிழமையிலேயே கடுமையான தொற்றுகள் வரும். கொஸ்ற்மன் என்ற சுவீடன் வைத்தியர் 1950களில் விவரித்த அந்த நோய்க்கு அலகு 2007இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. பேர்போரின் என்ற புரதம் இல்லாவிட்டால், கொல்லும் வேலைக்கென்றே இருக்கும் ரி கலங்களுக்குக் கொல்ல முடியாது. தூண்டுதல் நிற்காமல் முழுத் தொகுதியும் கொதித்து, பிள்ளையின் உயிருக்கே ஆபத்தாகும். இவை இரண்டும் தாய், தகப்பன் இரண்டு பக்கத்தாலும் பழுதான பிரதி வந்தால்தான் வரும். ஆகவே மச்சான், மச்சாளுக்குள் கட்டிய குடும்பங்களில் வாய்ப்புக் கூடுகிறது. கஸ்பேஸ்-8 இரண்டு பக்கமும் பழுதானால் இன்னும் விசித்திரம்: நெறியும் வீங்கும், தொற்றும் அடிக்கடி வரும். ஏனென்றால் சாவை நடத்தும் அதே நொதியம், கலம் விழித்து வேலை தொடங்கவும் தேவைப்படுகிறது. காணாது, கூடிவிட்டது என்ற இரண்டும் ஒரே பிள்ளையில் ஒன்றாக நிற்கும் இடம் அது. சக்தியைக் கூட்டு என்று சொல்கிறவர்கள் இந்தப் பிள்ளையை ஒருதரம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

மண்ணீரலை எடுக்கவில்லை

மண்ணீரலை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். இந்த வருத்தத்தில் கூடியவரை அதைத் தவிர்க்கிறார்கள். எடுத்த பிறகும் சிறுதட்டு மறுபடி இறங்கலாம்; அதைவிட, மண்ணீரல் இல்லாத பிள்ளைக்கு நியூமோகொக்கசு போன்ற பற்றீரியாக்கள் குருதியில் பரவினால் மணிக்கணக்கில் உயிர் போகலாம். முதலில் நிர்ப்பீடனத்தை அடக்கும் பிரட்னிசலோன் கொடுத்தார்கள். சிறுதட்டு ஏறியது, கூடவே கன்னமும் ஊதியது, பசி தாங்காமல் இரவில் எழும்பிச் சோறு கேட்டான். கன்னம் ஊதியதைப் பார்த்து, பிள்ளை தேறிவிட்டான் என்று ஊர் சந்தோசப்பட்டது. பிறகு சிரோலிமஸ். ஈஸ்டர் தீவு மண்ணில் வாழும் ஒரு பற்றீரியாவில் இருந்து எடுத்த மருந்து அது. சிடி4, சிடி8 இரண்டு அடையாளமும் இல்லாத ரி கலங்கள் உயிர்வாழ நம்பியிருக்கும் ஒரு சமிக்ஞைப் பாதையை அது மறிக்கிறது. நெறி வற்றத் தொடங்கியது. பேனைக் கோடு இருந்த இடத்தில் இப்போது விரலை வைத்தால் வயிறு மெத்தென்று இருக்கிறது.

முருங்கையிலையை நாங்கள் நிறுத்தவில்லை, அது நல்ல கறி. எதிர்ப்புச் சக்தி கூட்டும் என்று போத்தலில் வந்தவற்றை மட்டும் தங்கச்சி வாங்கி ஓரமாக வைத்துவிடுவாள். கொண்டுவந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, அவனுக்கு என்ன வருத்தம் என்று இப்போது அவளே விளங்கப்படுத்துகிறாள். என்னைவிட நன்றாகச் சொல்கிறாள்.

இன்னும் முடியாதது இரண்டு உண்டு. இந்த விகாரம் உள்ளவர்களுக்கு நிணநீர்ப் புற்று வரும் ஆபத்து மற்றவர்களை விடப் பல மடங்கு. 2001இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் ஹொட்ஜ்கின் வகைக்கு 51 மடங்கு, மற்ற வகைக்கு 14 மடங்கு என்று கண்டார்கள். அடிப்படை அளவு மிகச் சிறியது என்பதால் பயந்து நடுங்க வேண்டியதில்லை, ஆனால் கவனிக்க வேண்டும். ஒரு வருத்தமும் இல்லாமல் திரியும் மச்சானுக்கும் இது பொருந்தும். கிளினிக்குக்குப் போகச் சொல்லி அவரோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் மாமிதான் போகவைத்தார். மற்றது சின்னவள். மருமகனின் தங்கைக்கு அந்த விகாரம் வந்திருக்க வாய்ப்புப் பாதிக்குப் பாதி. நெறி எதுவும் இல்லை, நல்லாக ஓடித் திரிகிறாள். சோதித்துப் பார்ப்பது நல்லது என்று நான் சொல்கிறேன். தெரிந்தால் ஒரு மூக்கு இரத்தத்தைக்கூட டெங்கு என்று தவறவிட மாட்டோம். தங்கச்சி இன்னும் சம்மதிக்கவில்லை. பள்ளிக்கூடம் சேர்த்த பிறகு பார்ப்போம் என்கிறாள். தை மாதம் அவளை முதலாம் வகுப்பில் சேர்க்கிறார்கள்.